ஒரு வீட்டுக்கு ஒரு பேர்

தடாலென்று மூங்கில் கழி தரையில் விழுந்தது. அதில் வரிசையாகத் தொங்கிய மஞ்சள் நூல் சிட்டங்கள் அத்தனையும் சரிந்தன. அறை முழுக்க மஞ்சள் தூசி கிளம்பிற்று. யார் எங்கே நிற்கிறார்கள் என்றே தெரியவில்லை. இருமல் சத்தம் மட்டும் நாலு பக்கமும் கேட்டது.

எஞ்சினை நிறுத்தச் சொல்லிக் கத்திக்கொண்டே மேஸ்திரி கந்தவேல் ஓடிவந்தார். தூசி அடங்கியபோது, விழுந்த கழிக்குப் பக்கத்தில் ஒருத்தி அசையாமல் நின்று தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோளைத் தூக்க முடிந்தது. முழங்கையை மடக்க முடிந்தது. மணிக்கட்டுக்குக் கீழே மட்டும் கை துவண்டு தொங்கிற்று.

"என்ன சென்னியம்மா, கழியைப் போட்டுட்டயே?" என்றார் மேஸ்திரி.

"நான் போடலீங்க. கை சொன்ன பேச்சுக் கேக்கலீங்க" என்றாள் அவள்.

அவள் பெயர் சென்னியம்மாள் அல்ல, வள்ளியாத்தாள். அது மேஸ்திரிக்கும் தெரியும். இருந்தாலும் பத்து மாதமாக அவளைச் சென்னியம்மா என்றுதான் கூப்பிட்டு வந்தார். அந்தப் பட்டறையின் வழக்கம் அப்படி.

வெண்ணந்தூருக்கு வெளியே, ராசிபுரம் போகும் பாதையில் இருந்தது அந்தச் சாயப்பட்டறை. முப்பது பேருக்கு மேல் வேலை. சுற்றுவட்டாரத்தில் மழை பொய்த்துக் கிணறுகள் வற்றிய பிறகு, தோட்டம் துரவு உள்ள குடும்பங்களும் வீட்டுக்கு ஒரு பெண்ணை அங்கே அனுப்ப ஆரம்பித்தன. வீட்டுக்கு ஓர் இடம். அதற்கு ஒரே பேர். முதலில் வந்தவள் பேர் ஆஜர்ப் பட்டியலில் ஏறிவிட்டால், பிறகு அவளுக்குப் பதிலாக நாத்தனார் வந்தாலும் ஓரகத்தி வந்தாலும் அதே பேர்தான். பேரை மாற்றினால் முதலாளியிடம் காரணம் சொல்ல வேண்டும். கந்தவேலுக்குக் காரணம் சொல்வது பிடிக்காது.

சென்னியம்மாள், வள்ளியாத்தாளின் ஓரகத்தி. அவள் புருஷனுக்கு மூத்தவரான சின்னண்ணனின் மனைவி. முதல் வருஷம் அவள்தான் பட்டறைக்குப் போய் இதே மஞ்சள் நூலை உதறினாள். போன சித்திரையில் வீட்டு எருமை கன்று போட்டது. எருமையை நான் பார்த்துக்கொள்கிறேன், இனி நீ போ என்று வள்ளியாத்தாளை அனுப்பிவைத்தாள். வள்ளியாத்தாளும் சந்தோஷமாகத்தான் போனாள். சாணி அள்ளுவதைவிட நூல் உதறுவது மேல் என்பது அப்போது அவளுடைய எண்ணம்.

மஞ்சள் அறையில் மொத்தம் எட்டுப் பெண்கள். சர்க்கரை போல் வெள்ளையாக இருக்கும் ஓர் உப்பைக் கரைத்த தொட்டியில் நூலை முக்குவார்கள். பிறகு இன்னொரு தொட்டி. அதில் முக்கி எடுத்தால் வெள்ளை நூல் பளீரென்று மஞ்சளாகிவிடும். காய்ந்த சிட்டங்களைக் கழியில் மாட்டி, பிரி பிரியாக உதறித் தட்டுவது இந்த எட்டுப் பேரின் வேலை. மாலையில் வெளியே வரும்போது புருவம், இமை, நகக்கண் எல்லாம் மஞ்சளாயிருக்கும். மற்ற அறைக்காரிகள் இவர்களைக் கல்யாணப் பொண்ணுகள் என்று கேலி செய்வார்கள்.

அந்தக் கேலியில் இவர்களுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஆடிப் பதினெட்டுக்குப் புதுத் தாலிக்கயிறு மாற்ற வேண்டுமல்லவா? மஞ்சள் அறைப் பெண்கள் அந்தக் கயிற்றுக்கு மஞ்சள் அரைப்பதே இல்லை. வெள்ளைக் கயிற்றை ஒரு சிட்டத்தோடு சேர்த்துக் கட்டி, இரண்டு தொட்டியிலும் முக்கி எடுத்துக்கொள்வார்கள். வருஷம் பூராவும் வெளுக்காது. மஞ்சள் என்றால் மங்களம். அதில் கெடுதல் இருக்குமென்று யாருக்குத் தோன்றும்? கையைக் கழுவாமலே கம்மஞ்சோற்றைப் பிசைந்து சாப்பிட்டார்கள். மஞ்சள்தானே என்றார்கள்.

ஐப்பசியில் வள்ளியாத்தாளுக்கு வயிற்று வலி வந்தது. குடலை முறுக்கிப் பிழிகிற வலி. விளக்கெண்ணெய் குடித்தாள். சூட்டு வலி என்று வெந்தயம் ஊறவைத்துக் குடித்தாள். முகம் வெளிறியது. காமாலையாயிருக்கும் என்றார் மேஸ்திரி. நகம் மஞ்சளாயிருப்பதைப் பார்த்து வைத்தியரும் ஆமாம் காமாலைதான் என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார். மாசியில் கழி விழுந்தது.

அன்று சாயங்காலமே அவளுடைய புருஷன் அங்கமுத்து கட்டை வண்டியைப் பூட்டினான். அவன் அதிகம் பேசாதவன். மறுநாள் காலையில் சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றது.

சீட்டு எழுதும் இடத்தில் இருந்த நர்ஸ் பெயர் ஜெபமலர். முப்பது வயதிருக்கும். வரிசையில் நின்றவர்களை அவள் விரட்டுகிற விரட்டில் பாதி நோய் பறந்துவிடும். வள்ளியாத்தாளின் தொங்கிய கையைப் பார்த்ததும் மட்டும் விரட்டுவதை நிறுத்தினாள். என்ன வேலை என்று கேட்டாள். சாயப்பட்டறை என்றதும் வாயைத் திறக்கச் சொன்னாள். உதட்டைக் கீழே இழுத்துப் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் ஈறைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் டாக்டரையே கையோடு கூட்டிவந்தாள்.

பல்லும் ஈறும் சேருமிடத்தில் கரு நீலமாக ஒரு கோடு, பேனாவால் இழுத்த மாதிரி ஓடியிருந்தது. டாக்டர் ரத்தமும் சோதிக்கச் சொன்னார். ஒரு வாரம் படுக்கவைத்தார். கடைசியில், உடம்பில் ஈய விஷம் ஏறியிருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்.

வள்ளியாத்தாளுக்குச் சிரிப்பு வந்தது. ஈயம் பூசுகிறவன் வீட்டுப் பக்கம்கூடத் தான் போனதில்லை என்றாள். ஜெபமலர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவளுடைய தாலிக்கயிற்றைத் தொட்டுக் காட்டினாள்.

"இந்த மஞ்சள்தான் அந்த ஈயம். சர்க்கரை மாதிரி உப்புன்னு சொன்னியே, அதிலே இருக்கிறது ஈயம். பத்து மாசமா அதைத்தான் மூச்சாவும் சோறாவும் தின்னிருக்கே."

வள்ளியாத்தாள் கயிற்றை எடுத்துப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. ஆனால் அழவில்லை.

"அப்ப இது எம்பட சீக்கில்லீங்க. பட்டறை சீக்கு" என்றாள். "அவியதான வைத்தியம் பாக்கோணும்?"

ஜெபமலர் அவளை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தன் அண்ணனை அழைத்துவருவதாகச் சொன்னாள்.

அண்ணன் தோமினிக் சூரமங்கலத்தில் ரயில்வே குமாஸ்தா. சட்டைப்பையில் இரண்டு பேனா. ஒன்று எழுத, இன்னொன்று முதலாவது எழுதாவிட்டால் எழுத. ரயில்வேயில் கை கால் போன தொழிலாளிகளுக்கு மனு எழுதி எழுதி அவருக்குத் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம் ஜெபம் போல மனப்பாடம். ஈய விஷம் அந்தச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது என்று சொல்லும்போது அவர் முகம் பிரகாசித்தது. ஒரே முதலாளியிடம் ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவளுக்கு இந்த நோய் வந்தால் போதும். முதலாளி பதில் சொல்லியே ஆக வேண்டும். பத்து மாதமா? பேஷ் பேஷ் என்றார்.

பேர் விவகாரத்தைக் கேட்டதும் பேனா நின்றது. ஆஜர்ப் பட்டியலில் என்ன பேர் இருக்கிறது என்று கேட்டார். சென்னியம்மாள் என்றான் அங்கமுத்து. அப்படியானால் நோட்டீசும் சென்னியம்மாள் பேரில்தான் போக வேண்டும் என்றார் தோமினிக். ஆபீஸ் என்றால் அங்கே காகிதம்தான் பேசும்; காகிதத்தோடு சண்டை போட்டு ஜெயித்தவன் ரயில்வேயில் கிடையாது என்பது அவருடைய இருபது வருஷ அனுபவம். வள்ளியாத்தாளுக்கு அது சரியாகப் படவில்லை. கை தன்னுடையது, பேர் மட்டும் எப்படி அக்காவுடையது என்று கேட்டாள். இருந்தாலும் படித்தவர் சொல்கிறார் என்று விட்டுவிட்டாள்.

பதினைந்து நாளில் பட்டறையிலிருந்து பதில் வந்தது. அதைப் படித்ததும் தோமினிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சென்னியம்மாள் என்ற தொழிலாளி நல்ல தேகாரோக்கியத்துடன் இன்றைய தேதியிலும் வேலை செய்து வருகிறாள். ஆள்மாறாட்டம் செய்து பணம் பறிக்க முயல்வோர் மீது போலீசில் பிராது கொடுக்கப்படும் என்று எழுதியிருந்தது.

விஷயம் இதுதான். கழி விழுந்த மறுநாளே கந்தவேல் ஆள் அனுப்பியிருந்தார். மூன்று நாள் இடம் காலியாக இருந்தால் வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்லி அனுப்பினார். சென்னியம்மாள் புறப்பட்டுப் போனாள். மஞ்சள் அறை வேண்டாம், நூல் சுற்றும் அறை கொடுத்தால் வருகிறேன் என்றாள். கந்தவேலும் தயங்காமல் கொடுத்தார். இப்போது நோட்டீஸ் வந்த பிறகு தோட்டத்து வீட்டுக்கே நேரில் வந்து, விசாரணையில் ஒழுங்காகப் பதில் சொன்னால் நூல் சுற்றும் அறைக்கு அவளையே தலைவியாக்கிவிடுவதாகச் சொன்னார். ஒழுங்கில்லாமல் சொன்னால் இரண்டு பேரையும் போலீஸ் கூட்டிப்போகும் என்பதையும் சொல்ல மறக்கவில்லை.

சின்னண்ணன் பயந்துவிட்டார். மானம் போச்சு, மனுவை விட்டுவிடலாம் என்றார். வள்ளியாத்தாள் மறுநாள் பஸ் ஏறிச் சூரமங்கலம் போய், தோமினிக் வீட்டு வாசலில் நின்றாள்.

"இந்தத் தடவ எம்பட பேருலயே எழுதுங்க. வள்ளியாத்தாள்னு. பெருசா எழுதுங்க."

பட்டியலில் அந்தப் பேரே கிடையாதே என்று தோமினிக் தயங்கினார். எப்படி நிரூபிப்பாய் என்று கேட்டார்.

"அவிய எழுதாதது அவிய தப்புங்க. நீங்களும் எழுதாம உட்டா உங்க தப்பு."

உள்ளேயிருந்து ஜெபமலர் சிரித்த சத்தம் கேட்டது. தோமினிக் இரண்டாவது பேனாவை எடுத்தார்.

ஊருக்குத் திரும்பிய அன்றைக்கு வள்ளியாத்தாள், எருமைக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்த சென்னியம்மாளிடம் நேராகவே கேட்டுவிட்டாள். நீ விசாரணையில் என்ன சொல்லப் போகிறாய் அக்கா என்றாள். கேட்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு, சென்னியம்மாள் தவிட்டைக் கலக்கப் போய்விட்டாள். அதன் பிறகு இரண்டு பேருக்கும் பேச்சில்லை. வள்ளியாத்தாளால் இப்போது தானாகத் தலை வாரிக்கொள்ள முடியாது. தினமும் காலையில் சென்னியம்மாள்தான் வாரிப் பின்னிவிட்டாள். அதையும் பேசாமலே செய்தாள்.

ஆனி மாதம் இரண்டாம் வாரம், சென்னையிலிருந்து நஷ்ட ஈட்டுக் கமிஷனர் சேலத்துக்கு முகாம் வந்தார். கலெக்டர் ஆபீசில் ஒரு நீள அறையை ஒதுக்கியிருந்தார்கள். கமிஷனர் நரைத்த மீசைக்காரர். எதையும் இரண்டு தரம் படிப்பார், ஒரு தரம்தான் பேசுவார்.

டாக்டர் வந்து ஈறுக் கோட்டையும் துவண்ட கையையும் பற்றிச் சொல்லிவிட்டுப் போனார். அதில் யாருக்கும் தகராறு இல்லை. பட்டறை வக்கீல் எழுந்தார். நல்ல உயரம், நல்ல குரல். முதல் நோட்டீசைத் தூக்கிக் காட்டினார். முதலில் சென்னியம்மாள் என்றார்கள், இப்போது வள்ளியாத்தாள் என்கிறார்கள், அடுத்த மாதம் யாரோ என்றார். அறையில் இரண்டு பேர் சிரித்தார்கள். தோமினிக் தலையைக் குனிந்துகொண்டார். வக்கீல் ஆஜர்ப் பட்டியலை மேஜைமேல் வைத்தார். இரண்டு வருஷமும் ஒரு நாள் தவறாமல் சென்னியம்மாள். வள்ளியாத்தாள் என்ற பேர் ஓர் இடத்திலும் இல்லை.

பிறகு சென்னியம்மாளைக் கூப்பிட்டார். பேரைச் சொன்னாள். எத்தனை வருஷமாக வேலை என்று கேட்டார்.

"பேரு எழுதி ரெண்டு வருசம் ஆச்சுங்க."

வக்கீலுக்கு அது போதும். மேலே கேட்டுக் காரியத்தைக் கெடுத்துக்கொள்கிறவர் அல்ல அவர். கமிஷனர் பக்கம் திரும்பி, இந்த அம்மாளைப் பாருங்கள், கல்தூண் மாதிரி நிற்கிறாள், இரண்டு வருஷம் அதே மஞ்சள் அறையில் இருந்தவள் என்றார். ஆகவே மனுக்காரியும் எங்கள் ஆள் அல்ல, அவளுக்கு வந்த வியாதியும் எங்கள் அறையில் வந்தது அல்ல என்று ஒரே வீச்சில் முடித்து உட்கார்ந்தார்.

தோமினிக் குறுக்கு விசாரணைக்கு எழுந்தார். எழுதிவைத்திருந்த பதினெட்டுக் கேள்விகளில் ஒன்றுகூட இந்த நேரத்துக்குப் பொருந்தவில்லை. பேனாவை மாற்றி மாற்றிப் பார்த்தார். அப்போது வள்ளியாத்தாள் எழுந்து நின்றாள்.

பிரதிநிதி மூலமாகத்தான் பேச வேண்டும் என்றார் வக்கீல். பேசட்டும் என்றார் கமிஷனர்.

"சாமி, அங்க நிக்கிற சேவகர்கிட்டச் சுண்ணாம்பு டப்பி இருக்குதுங்க. சித்தெ குடுக்கச் சொல்லுங்க."

"இதென்ன வெற்றிலை போடுகிற நேரமா?" என்றார் வக்கீல்.

"வெத்தல வேண்டாமுங்க. சுண்ணாம்பு போதும்."

இந்தத் தடவை சிரித்தவர்கள் அதிகம். கமிஷனர் சிரிக்கவில்லை, தலையை அசைத்தார். டவாலிச் சேவகன் சங்கடத்தோடு இடுப்பிலிருந்து டப்பியை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

வள்ளியாத்தாள் இடது கையால் தாலிக்கயிற்றை வெளியே எடுத்தாள். விரல் நுனியில் சுண்ணாம்பு தொட்டுக் கயிற்றின்மேல் தேய்த்தாள். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.

மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும் என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். இது சிவக்கவில்லை. ஏனென்றால் இது மஞ்சளே அல்ல. போன ஆடிப் பதினெட்டுக்குப் பட்டறையின் இரண்டு தொட்டியிலும் சிட்டத்தோடு கட்டித் தான் முக்கி எடுத்த கயிறு. மஞ்சள் அறையில் இருக்கும் எட்டுப் பேர் கழுத்திலும் இதே கயிறுதான். வேறு அறைக்காரிகளுக்கு அந்தத் தொட்டிப் பக்கம் வேலையே கிடையாது. இதையெல்லாம் அவள் அவசரமில்லாமல் சொன்னாள். ஒரு தரம்கூடத் தடுமாறவில்லை. கமிஷனர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு கயிற்றைப் பார்த்தார்.

வக்கீல் எழுந்தார். தெரிந்தவள் யாராவது ஒருத்தி முக்கிக் கொடுத்திருக்கலாமே என்றார்.

"இருக்கட்டுங்க" என்றாள் வள்ளியாத்தாள். "வக்கீலு சொல்றபடி பாத்தா எங்கக்கா ரெண்டு வருசமா அந்த அறைலயே இருந்தவதானுங்களே. போன ஆடிக்குக் கட்டுன கயிறு அவ கழுத்துலயும் இருக்குது. அதையும் பாத்துப்போடலாமுங்க."

கமிஷனர் பேனாவைக் கீழே வைத்தார். ஒரு பெண்ணின் தாலிக்கயிற்றைச் சோதனை போடத் தான் உத்தரவிட முடியாது என்றார். கூடவே கூடாது என்றார் வக்கீல், மிக வேகமாக. அந்த அம்மாளாக மனம் வைத்துச் செய்தால் உண்டு, இல்லையென்றால் இதை இத்தோடு விட வேண்டியதுதான் என்று கமிஷனர் முடித்தார்.

டப்பி மேஜைமேல் திறந்தபடி இருந்தது. கதவோரம் நின்ற கந்தவேல் சென்னியம்மாளையே முறைத்துக்கொண்டிருந்தார். வள்ளியாத்தாள் அவளைப் பார்க்கவில்லை. தான் பார்த்தால் அது கெஞ்சுவது போலாகிவிடும் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் கை மட்டும் முந்தானைக்குள் தொங்கிக்கொண்டிருந்தது.

சென்னியம்மாள் நாலடி நடந்து மேஜைக்கு வந்தாள். சுண்ணாம்பைத் தொட்டாள். கயிற்றை வெளியே எடுத்து, எல்லோருக்கும் தெரியும்படி நிதானமாகத் தேய்த்தாள்.

கயிறு ஆரத்தித் தண்ணீரைப் போலச் சிவந்தது.

"இது ஊட்டுல நான் அரச்ச மஞ்சளுங்க" என்றாள். "போன வருசம் சித்திரையிலிருந்து மாசி வரைக்கும் நான் எருமை மேச்சேன். பட்டறைக்குப் போனது இவதான்."

வக்கீலின் குரல் உயர்ந்தது. அப்படியானால் இரண்டு பேரும் சேர்ந்து பத்து மாதம் முதலாளியை ஏமாற்றியிருக்கிறீர்கள், இதற்குப் போலீஸ் உண்டு, ஜெயில் உண்டு, தெரியுமா என்று கேட்டார்.

"வரச் சொல்லுங்க. இவளத் தெனமும் சென்னியம்மானு கூப்புட்டது ஆருன்னு அவியகிட்டயும் சொல்றேன்."

கமிஷனர் கதவுப் பக்கம் பார்த்தார். கந்தவேலை முன்னால் வரச் சொன்னார். ஆள் மாறி வருவது உமக்குத் தெரியுமா என்று கேட்டார். கந்தவேல் துண்டால் முகத்தைத் துடைத்தார். முதலாளியின் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் கண்ணாலேயே ஏதோ சொன்னார். ஆனால் அத்தனை பேர் முன்னால் தான் மட்டும் குற்றவாளி போல் நிற்பது கந்தவேலுக்குப் பொறுக்கவில்லை.

"இவிய ஊட்டுல மட்டும் இல்லீங்க சாமி. எங்க பட்டறையில எல்லா ஊட்டுக்கும் அப்படித்தானுங்க" என்றார்.

வக்கீல் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவர் எழுந்திருக்கவில்லை.

கமிஷனர் சாப்பாட்டுக்குப் பிறகு தீர்ப்புச் சொன்னார். பட்டியலில் யார் பேர் இருக்கிறது என்று சட்டம் கேட்கவில்லை. யார் வேலை செய்தது என்றுதான் கேட்கிறது. வேலை செய்தவள் வள்ளியாத்தாள். மேஸ்திரி தெரிந்தே வேலை வாங்கியிருக்கிறார். ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வாங்கியிருக்கிறார். அட்டவணையில் சொல்லியிருக்கிற நோய் வந்திருக்கிறது. பட்டறை நஷ்ட ஈடு கட்ட வேண்டும். இதோடு, அந்த மஞ்சள் அறையை நேரில் பார்க்கும்படி தொழிற்சாலை இன்ஸ்பெக்டருக்கும் எழுதப்போவதாகச் சொன்னார்.

தோமினிக் வெளியே வந்து, தான் எழுதிவைத்த பதினெட்டுக் கேள்விகளையும் நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். சுண்ணாம்பு என்ற கேள்வி தனக்குத் தோன்றவில்லையே என்று ஆச்சரியப்பட்டார். வாசலில் காத்திருந்த ஜெபமலர் வள்ளியாத்தாளின் கையைப் பிடித்துப் பார்த்தாள். விரல்கள் முன்னைவிடக் கொஞ்சம் நிமிர்ந்திருப்பதாகவும், விஷம் படாமல் இருந்தால் ஒரு வருஷத்தில் பாதி பலமாவது திரும்புமென்றும் சொன்னாள். அங்கமுத்து எல்லோருக்கும் காப்பி வாங்கப் போனான். அன்றைக்கு அவன் நாலைந்து வார்த்தைகூடப் பேசியிருப்பான்.

சாயங்காலம் பஸ்ஸுக்காகப் புளியமரத்து நிழலில் ஓரகத்திகள் இரண்டு பேரும் நின்றார்கள். அந்த மஞ்சள் அறையில் இன்னும் இருக்கும் ஏழு பேரையும் ஞாயிற்றுக்கிழமை தோமினிக் வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று வள்ளியாத்தாள் திட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். யார் யாருக்கு வயிற்று வலி, யார் கழியைத் தூக்கத் தடுமாறுகிறாள் என்று பேர் பேராகச் சொன்னாள். அத்தனையும் அவரவர் சொந்தப் பேர். சென்னியம்மாள் கேட்டுக்கொண்டே அவளுடைய கலைந்த கொண்டையை அவிழ்த்துத் திரும்ப முடிந்துவிட்டாள்.

நூல் சுற்றும் அறையின் தலைவி வேலை போயிற்று. இருக்கிற இடமும் இனிமேல் நிலைக்காது. அது வள்ளியாத்தாளுக்கு மனதில் உறுத்திற்று. மூன்று மாதம் பேசாமல் இருந்துவிட்டு, போலீஸ் என்று அதட்டியும் பயப்படாமல் ஏன் அக்கா எனக்காகச் சொன்னாய் என்று கேட்டாள்.

சென்னியம்மாள் முடிந்த கொண்டையிலிருந்து கையை எடுக்கவில்லை. பின்னாலேயே நின்றாள். முகத்தைக் காட்டவில்லை.

"எனக்கும் அதே வயித்து வலி வந்துது வள்ளி" என்றாள். "அதனாலதான் உன்னைய அனுப்பிச்சேன்."